நாளையை யோசிக்காதவருக்குத் தமிழில் என்ன சொல்?

சேமிப்பைப் பற்றி ஒரு சின்னக் கையேடு. ஆங்கில மூலத்தைக் கொடுத்து, மகளிர் சுயஉதவிக் குழுக்களில் வாசித்துக் காட்டுகிற மாதிரி தமிழில் எழுதித் தரச் சொன்னார்கள். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: 'இம்ப்ராவிடென்ட்' குடும்பங்கள் கடனில் விழுகின்றன. நானும் மண்டையை அதிகம் உடைத்துக்கொள்ளாமல் 'தொலைநோக்கற்ற குடும்பங்கள்' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

அச்சுக்குப் போகுமுன் ஒரு குழுவில் வாசித்துப் பார்த்தோம். அந்த வரி வந்ததும் பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, "தம்பி, கண்ணு சரியா தெரியாதவங்களைச் சொல்றீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் விளக்கினேன். புரிந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "தீபாவளிச் சீட்டு கட்டறேன், பாத்திரச் சீட்டு கட்டறேன். சின்னவளுக்குக் குடம், அண்டா எல்லாம் இப்பவே பரண்ல ஏத்தி வச்சிருக்கேன். போன வருசம் அவருக்கு ஆபரேஷன், அதுக்கு வாங்கினதுதான் இந்தக் கடன். இதுல நான் எதை முன்கூட்டி யோசிக்கலைன்னு சொல்லுங்க."

சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. சொல் புரியவில்லை என்பது ஒரு கோளாறு. புரிந்தபோது குத்தியது என்பது அதைவிடப் பெரிய கோளாறு. வீட்டுக்கு வந்து, இந்த அர்த்தத்துக்குத் தமிழில் என்னென்ன சொற்கள் இருக்கின்றன, எது எங்கே உட்காரும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். மொழிபெயர்ப்பவர்கள், செய்தி எழுதுபவர்கள், ஆங்கிலக் கட்டுரையைத் தமிழில் சொல்லவேண்டிய மாணவர்கள் எல்லோரும் இதே இடத்தில் ஒரு தடவையாவது முட்டிக்கொண்டிருப்பீர்கள்.

முதலில் ஆங்கிலச் சொல்லையே கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். லத்தீனில் 'ப்ரோ' என்றால் முன்னால், 'விடேரே' என்றால் பார்ப்பது. நம் வீட்டு 'வீடியோ'வும் அதே வேரில் வந்ததுதான். முன்கூட்டிப் பார்க்கிறவர் ப்ராவிடென்ட், பார்க்காதவர் இம்ப்ராவிடென்ட். 'ப்ரூடென்ட்' என்பதும் இதே லத்தீன் சொல் சுருங்கி வந்த வடிவம். முன்னேற்பாடு இல்லாமல் அந்த நேரத்தில் சமாளிப்பதைச் சொல்லும் 'இம்ப்ரொவைஸ்' கூட இந்தக் குடும்பம்தான். ஆனால் ஆங்கிலத்தில் இவை வேலையைப் பிரித்துக்கொண்டன. இம்ப்ராவிடென்ட் பணத்தின் பக்கம் சாய்கிறது. நாளைக்கு என்று எடுத்து வைக்காதவரைச் சொல்கிறது. 'ஷார்ட் சைட்டட்' கொள்கை, திட்டம், அரசியல் பக்கம் போகிறது. இம்ப்ரூடென்ட், விவேகக் குறைவைச் சொல்கிறது. நாமோ மூன்றுக்கும் 'தொலைநோக்கற்ற' என்று ஒரே முத்திரையைக் குத்திவிடுகிறோம்.

'தொலைநோக்கு' நல்ல சொல்தான். ஆனால் அது மேடைச் சொல். தமிழ்நாடு அரசு 2012இல் வெளியிட்ட ஆவணத்துக்கு 'தொலைநோக்குத் திட்டம் 2023' என்று பெயர் வைத்தார்கள். அங்கே அது கச்சிதம். பத்து ஆண்டு, இருபது ஆண்டுக் கணக்கு, அரசு அல்லது பெரிய நிறுவனம், கையில் வரைபடம்: இந்த மூன்றும் இருக்கிற இடத்தில் 'தொலைநோக்கு' உயிரோடு இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் அதன் மறுதலையும் நன்றாக வேலை செய்யும். சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பரில் வெள்ளம். நான்கு ஆண்டுகூட ஆகவில்லை, 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் மேல் கட்டடங்களும் பெருங்குடிக் குப்பைமேடும் ஏறி உட்கார்ந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகு, 2022இல்தான் எஞ்சியதற்கு, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்கிற ராம்சர் தகுதி கிடைத்தது. இதை 'தொலைநோக்கில்லாத நகரத் திட்டமிடல்' என்று எழுதினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. இந்த இடத்தில் 'முன்யோசனை இல்லாமல்' என்று எழுதினால் யாரோ குடையை மறந்துவிட்டு வந்த மாதிரி இருக்கும்.

ஆனால் மாதச் சம்பளக்காரர் ஒருவர் தவணையில் பைக் எடுத்ததை 'தொலைநோக்கற்ற செயல்' என்று எழுதினால் சிரிப்புத்தான் வரும். அளவு பொருந்தவில்லை. போகிற போக்கில் ஒன்று: 'தொலைநோக்குப் பார்வை' என்று எழுதுகிறவர்கள், நோக்கு என்றாலே பார்வைதான் என்பதை ஒரு நொடி நினைத்துப் பார்க்கலாம். 'நடு சென்டர்' என்று சொல்வதைக் கேலி செய்கிறோம், இதை மட்டும் தலையங்கத்தில் விட்டுவிடுகிறோம்.

ஷார்ட் சைட்டட் என்பதை அப்படியே பெயர்த்து 'கிட்டப்பார்வை' என்று போடுவதும் உண்டு. இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. தமிழில் கிட்டப்பார்வை கண் டாக்டரின் சொல். கிட்டே இருப்பது தெரியும், தூரத்தில் இருப்பது மங்கும். மைனஸ் கண்ணாடி கொடுப்பார்கள். அந்த அம்மா கேட்ட கேள்வி 'தொலைநோக்கற்ற' என்பதற்கே வந்தது என்றால், 'கிட்டப்பார்வைக் குடும்பங்கள்' என்று போட்டிருந்தால் முகாமே நடத்தச் சொல்லியிருப்பார்கள். இன்னொரு சங்கடம், எதிர்ச்சொல். ஆங்கிலத்தில் 'ஃபார் சைட்டட்' என்றால் ஒரு பக்கம் கண்குறை, இன்னொரு பக்கம் பாராட்டு. நம்மிடம் 'தூரப்பார்வை'யும் குறைதான். 'தூரப்பார்வை கொண்ட தலைவர்' என்று ஒரு வாழ்த்துச் சுவரொட்டியில் பார்த்தேன். தலைவருக்கு பிளஸ் கண்ணாடி தேவை என்று தொண்டர்களே அறிவித்த மாதிரி இருந்தது.

'குறுகிய பார்வை' இதைவிட மேல். ஆனால் 'குறுகிய' என்பதற்கு நீளம் குறைந்த என்றும் பொருள், அகலம் குறைந்த என்றும் பொருள். நடைமுறையில் அகலம்தான் முந்திக்கொள்கிறது. குறுகிய பார்வை என்றதும் சாதி, ஊர், கட்சி தாண்டிப் பார்க்காதவர்தான் நினைவுக்கு வருகிறார். 'குறுகிய மனப்பான்மை' பக்கத்திலேயே நிற்கிறது. காலத்தைச் சொல்லவேண்டும் என்றால் 'காலம்' என்ற சொல்லை உள்ளே கொண்டுவந்துவிடுவது நல்லது: 'குறுகிய கால லாபத்தை மட்டும் பார்த்து' என்றால் யாருக்கும் குழப்பம் வராது.

'தீர்க்கதரிசனம் இல்லாத' என்பது பழைய பத்திரிகைத் தமிழ். தீர்க்கம் என்றால் நீளம், தரிசனம் என்றால் பார்வை. சொல்லின் உடற்கூறு இம்ப்ராவிடென்ட்டுக்குக் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளை. ஆனால் தமிழ் விவிலியத்தில் தீர்க்கதரிசி என்றால் ஏசாயா, எரேமியா. கடவுள் வாக்கைச் சொல்கிறவர். மளிகைக் கடனைக் கணக்குப் போடாதவரிடம் தீர்க்கதரிசனம் இல்லை என்று குறைப்பட்டுக்கொள்வது கொஞ்சம் அதிகம்.

அடுத்து, நாம் எல்லோரும் வாயால் சொல்கிற சொல்: முன்யோசனை. 'முன்யோசனையே இல்லாம போய் மாட்டிக்கிட்டான்.' வீட்டளவு, மனிதர் அளவு. இதற்குத் தங்கை மாதிரி முன்ஜாக்கிரதை. அது இன்னும் சின்னது, இன்னும் கைப்பக்கம். டிக்கெட் ஜெராக்ஸ் எடுத்து வைப்பது, கூடுதலாக ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொள்வது, இப்படி. முன்யோசனை இல்லாதவர் தப்பான முடிவு எடுக்கிறார்; முன்ஜாக்கிரதை இல்லாதவர் சரியான முடிவை எடுத்துவிட்டுப் பையைக் கட்டும்போது கோட்டை விடுகிறார்.

இங்கே 'முன்' என்ற சொல்லின் குணத்தைக் கொஞ்சம் பார்க்கவேண்டும், ஏனென்றால் நான் கடைசியில் தேர்ந்தெடுத்த சொற்றொடர் அதில்தான் இருக்கிறது. 'முன்' நமக்கு இரண்டு பக்கமும் காட்டும். முன்னோர் போய்விட்டவர்கள், முன்னேற்றம் வரப்போவது. 'பின்'னும் அப்படித்தான். பின்னால் இருப்பது முதுகுப் பக்கம். பின்னர் வருவது எதிர்காலம். விளைவைப் 'பின்விளைவு' என்கிறோம். ஆக, பின்னால் வரப்போவதை முன்னாலேயே நினைப்பதுதான் முன்யோசனை. இந்த முடிச்சைத் தமிழ் ஒரே சொல்லில் போட்டு வைத்திருக்கிறது: 'முன்பின் யோசிக்காமல்'. செய்வதற்கு முன் என்ன, செய்த பின் என்ன, இரண்டையும் பார்க்காமல். வள்ளுவரிடமும் இந்த ஜோடி இருக்கிறது. பொச்சாவாமை அதிகாரத்தில், 535ஆம் குறள்: 'முன்னுறக் காவாது இழுக்கியான் தன்பிழை பின்னூறு இரங்கி விடும்.' முன்னால் காக்காமல் கோட்டை விட்டவன், பின்னால் துன்பம் வந்ததும் தன் தப்பை நினைத்து வருந்துவான். முன்னும் பின்னும் ஒரே குறளில்.

'பின்புத்தி' என்ற சொல்லையும் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். காரியம் கெட்டபின் வருகிற அறிவு என்று பொருள் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சொன்னாலே பெண்களை இழித்துச் சொல்கிற அந்தப் பழமொழி கூடவே எட்டிப் பார்க்கும். 'பின்னால் வருவதை அறியும் புத்தி' என்று அதற்கு நல்ல அர்த்தம் கற்பிக்கிறவர்களும் உண்டு. நல்ல மனசு, ஆனால் கேட்கிறவர் காதில் பழைய அர்த்தம்தான் விழுகிறது. மகளிர் குழுவில் வாசிக்கிற கையேட்டில் அதைப் போட நான் என்ன பைத்தியமா?

குறள் என்றாலே பலர் நீட்டுவது 435ஐத்தான். 'வருமுன்னர்க் காவாதான் வாழ்க்கை எரிமுன்னர் வைத்தூறு போலக் கெடும்.' வைத்தூறு என்றால் வைக்கோல் போர். இதிலிருந்து 'வருமுன் காவாமை' என்று ஒரு பெயர்ச்சொல் செய்துகொள்ளலாம், செய்தும் இருக்கிறார்கள். 'வருமுன் காப்போம்' அரசாங்க மருத்துவ முகாமின் பெயராகி ஊர் ஊராகப் போய்விட்டது. 2021இல் 'கலைஞரின் வருமுன் காப்போம்' என்று மறுபடி தொடங்கினார்கள். அதனால் இந்தச் சொல்லுக்கு இருக்கிற பெரிய பலம், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் பாதி ஏற்கெனவே தெரியும். பலவீனம் என்னவென்றால், அது ஆபத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நோய், தீ, வெள்ளம், திருட்டு. எதுவோ 'வருகிறது', அதைத் தடுக்கவேண்டும். சேமிக்காமல் இருப்பதை அதற்குள் அடைப்பது கொஞ்சம் கஷ்டம். இன்னொன்று: அந்தக் குறள் இருப்பது குற்றங்கடிதல் அதிகாரத்தில். பரிமேலழகர் உரைப்படி, வருமுன் காக்கவேண்டியது குற்றத்தை. வெள்ளத்துக்கும் டெங்குவுக்கும் அதை நீட்டியது நாம். நீட்டியதில் தப்பில்லை, மொழி அப்படித்தான் வளரும். மேற்கோள் காட்டும்போது தெரிந்து காட்டினால் போதும். 'காவாமை' என்ற வடிவம் இன்றைய காதுக்கு ஏட்டுத் தமிழ். 'வருமுன் காக்காமல் விட்டது' என்றால் எல்லோருக்கும் இறங்கும்.

இனி ஊதாரி. பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் இம்ப்ராவிடென்ட்டுக்குக் கை தானாக இதற்குப் போகும். போகவிடாதீர்கள் என்பேன். ஊதாரி கையில் இருப்பதை வாரி இறைக்கிறவன். இம்ப்ராவிடென்ட் ஆள் இறைக்கவேண்டிய அவசியமே இல்லை. சிக்கனமாகவே செலவு செய்துவிட்டு, நாளைக்கு என்று எதையும் எடுத்து வைக்காமல் இருந்தாலே போதும். ஊதாரி வசவு. மாமனார் மருமகனைப் பற்றிச் சொல்கிற சொல். 'கைநீளம்' என்று எழுதிய ஒரு மொழிபெயர்ப்பையும் திருத்தியிருக்கிறேன். அது திருடனுக்கு உள்ள சொல் என்பதைச் சொல்லிப் புரியவைக்கவேண்டியிருந்தது. செலவாளிக்கு 'ஓட்டைக் கை' என்பார்கள்.

வசவு என்பதால் மட்டும் ஊதாரி வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த ஆங்கிலச் சொல்லுக்கே ஒரு பழைய பாவம் உண்டு. 1875இல் தக்காணத்தில், புனே, அகமதுநகர் பக்கத்து விவசாயிகள் வட்டிக்கடைக்காரர்களின் வீடுகளுக்குப் போய்க் கடன் பத்திரங்களைப் பிடுங்கி எரித்தார்கள். அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரிகள் பலர் குடியானவனின் கடனுக்குக் காரணம் தேடும்போது, அவன் நாளைக்கு யோசிக்கிறவன் இல்லை, கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் செலவழிக்கிறவன் என்று எழுதினார்கள். விளைந்தாலும் விளையாவிட்டாலும் குறித்த தேதியில் ரொக்கமாக வரி கட்டவேண்டும் என்பதும், அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும் பருத்தி விலை சரிந்தது என்பதும், குடியானவனின் குணத்தில் சேர்ந்த விஷயங்கள் அல்ல. அந்த அம்மாவின் ஆபரேஷன் கடனை நான் 'தொலைநோக்கற்ற' என்ற ஒரே சொல்லில் அவர் குணமாக்கியதும் இதே வேலைதான், நூற்றைம்பது ஆண்டு கழித்து, பாயில் உட்கார்ந்துகொண்டு.

எதிர்ச்சொல்லைத் தமிழர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்று பார்த்தபோதுதான் எனக்கு வழி தெரிந்தது. 'ப்ராவிடென்ட் ஃபண்ட்'டுக்கு இந்தியாவில் வருங்கால வைப்பு நிதி. இலங்கையில் ஊழியர் சேமலாப நிதியம். மலேசியாவில் ஊழியர் சேமநிதி. சிங்கப்பூரில் மத்திய சேமநிதி. நான்கு நாடுகளிலும் இவை ஏறக்குறைய ஒரே காலத்தில், 1950களில் வந்தவை: மலேசியாவில் 1951, இங்கே 1952, சிங்கப்பூரில் 1955, இலங்கையில் 1958. பேச்சில் நாம் பி.எஃப். என்கிறோம், அவர்கள் ஈ.பி.எஃப்., சி.பி.எஃப். என்கிறார்கள், அது வேறு. எழுதிய பெயரைப் பாருங்கள். 'முன்னறிவாளர் நிதி' என்றோ 'தொலைநோக்கு நிதி' என்றோ யாரும் வைக்கவில்லை. வைப்பது, சேமிப்பது, வருங்காலம் என்று செய்கிற காரியத்தைச் சொன்னார்கள். எனக்கு இலங்கைக்காரர்களின் 'சேமலாபம்' ரொம்பப் பிடிக்கும். பாதுகாப்பும் வரவும் ஒரே சொல்லில் வந்துவிடுகிறது.

ஆங்கிலம் ஒரு உரிச்சொல்லை எடுத்து ஆளின் மேல் ஒட்டுகிறது. தமிழ் பெரும்பாலும் வினையில் போய் இதைச் சொல்லும்: யோசிக்காமல், எடுத்து வைக்காமல், ஆழம் பார்க்காமல் காலை விட்டு. பழமொழிகளும் அப்படியே. 'ஒரு நாள் கூத்துக்கு மீசையைச் சிரைத்தானாம்.' குறுகிய காலப் பலனுக்காக நீண்ட காலத்துக்கு இழப்பதை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பொருளாதாரப் பேராசிரியரும் சொல்லிவிட முடியாது. விவசாயிகளுக்கு எழுதுவதாக இருந்தால் 'விதைநெல்லைக் குத்தித் தின்பது' ஒன்றே போதும். அதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது: விதைநெல்லைத் தின்கிறவன் முட்டாளாகவும் இருக்கலாம், அன்றைக்குப் பசியில் இருப்பவனாகவும் இருக்கலாம். பழமொழி இரண்டுக்கும் இடம் விடுகிறது, 'தொலைநோக்கற்ற' விடுவதில்லை. 'கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்' நல்ல பழமொழிதான், ஆனால் அது தாமதத்தைச் சொல்வது. இந்த இடத்துக்கு அரைக் கிரயம்தான் பொருந்தும்.

சட்டத் தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. வயதானவர் இருந்த ஒரே வீட்டையும் பிள்ளை பேருக்கு செட்டில்மென்ட் எழுதிக்கொடுத்துவிடுகிறார். தன் ஆயுள்காலம் வரை குடியிருக்கும் உரிமையைக்கூடப் பத்திரத்தில் வைத்துக்கொள்ளவில்லை. இதை ஆங்கிலத்தில் இம்ப்ராவிடென்ட் என்பார்கள். 'ஊதாரித்தனமான' என்று போட்டால் அபத்தம், அவர் ஒரு பைசா வீணாக்கவில்லை. 'தொலைநோக்கற்ற' என்றால் அவருடைய பாசத்தைக் குறைசொல்வது போலாகும். 'முன்பின் யோசிக்காமல் எழுதிக்கொடுத்த' என்பதுதான் பொருந்துகிறது. ஆவண நடை வேண்டும் என்றால் 'தன் பிற்கால நலனைக் கருதாமல்' என்று எழுதலாம். 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்ய வழி வைத்திருக்கிறது. முன்பின் யோசித்து ஒரு வரி நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதி வைத்தவருக்கு அந்தக் கதவு சுலபமாகத் திறக்கும்.

சரி, கையேட்டுக்கு வருவோம். என் கணக்கு இப்படித்தான் முடிந்தது. அரசு, நகரம், நிறுவனம், பல ஆண்டுகள் என்றால் தொலைநோக்கில்லாத. லாபக் கணக்கு என்றால் குறுகிய கால லாபத்தைப் பார்த்து. ஆபத்து என்றால் வருமுன் காக்காமல். தனி மனிதரின் முடிவு என்றால் முன்பின் யோசிக்காமல்; பேச்சு நடை வேண்டிய இடத்தில் முன்யோசனை இல்லாமல். கிட்டப்பார்வை, தீர்க்கதரிசனம், பின்புத்தி, ஊதாரி நான்கையும் அடித்துவிட்டேன். குடும்பச் சேமிப்புக்கு மட்டும் எந்தப் பெயரடையும் வேண்டாம், நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். மூன்றாம் பக்கத்து வரி இப்படி ஆனது: 'கையில் வருவதெல்லாம் அந்தந்த மாதமே செலவாகி, நாளைக்கு என்று எதுவும் எடுத்து வைக்க முடியாமல் போனால், திடீரென்று ஒரு செலவு வரும்போது கடன் வாங்கவேண்டி வரும்.'

ஆங்கிலத்தில் ஆறே சொல், தமிழில் பத்தொன்பது. பக்க அளவு கூடுகிறது என்று வடிவமைப்பாளர் முணுமுணுத்தார். கையேட்டை எழுதச் சொன்னவர்கள் 'வைக்காமல்' என்பதை 'வைக்க முடியாமல்' என்று மாற்றியது ஏன் என்று கேட்டார்கள். மூலத்தில் அப்படி இல்லையே என்றார்கள். இல்லைதான். நான் அந்தக் குழுவில் நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசிவிட்டு விட்டுக்கொடுத்தார்கள்.

இரண்டாம் தடவை வாசிக்கப் போனபோது அதே அம்மா அதே ஓரத்தில் இருந்தார். மூன்றாம் பக்கம் வந்ததும் நான் அவரைப் பார்த்தேன். தலையாட்டினார். "இப்பப் புரியுது தம்பி. ஆனா திடீர்ச் செலவுன்னு மொட்டையா போட்டிருக்கீங்களே, ஆஸ்பத்திரிச் செலவுன்னு பச்சையா எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன்.